தாண்டிக்குடிக்கே போகிற மழை

முத்துராஜ் போய்விட்டான். ஹார்ட் அட்டாக். திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பலனில்லை.

நேற்று தாண்டிக்குடியில், அவனுடைய காப்பித் தோட்டத்திலேயே அடக்கம் செய்துவிட்டு வந்தோம். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை...

இந்த இணையப் பக்கத்தில் இருக்கும் மழைப் பைத்தியங்களுக்கு அவனைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வங்கக் கடலில் எங்கேயோ ஒரு புயல் உருவாகும் என்று கம்ப்யூட்டர் மாடல் ஒரு வட்டம் போட்டால் போதும், இந்த மலையில் இரண்டு பேருக்குச் சோறு இறங்காது. ஒருத்தன் அவன், இன்னொருத்தன் நான்.

இரண்டாயிரத்தின் ஆரம்பத்தில் பெருமாள்மலையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். டயல்-அப் கனெக்‌ஷன். முதல் நாள் வந்தவன் ஈமெயில் பார்க்கவில்லை, பரீட்சை ரிசல்ட் பார்க்கவில்லை. கடல் மேல் கலர் கலராக ஒரு மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

என் ஸ்கிரீனிலும் அதே மேப்தான் ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கிறுக்கு எனக்கு மட்டும்தான் என்று பெருமையாக இருந்தவன் நான். அன்றைக்கே லேசாகக் கடுப்பு.

அந்த மேப் மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஆந்திரா தெரியும், சென்னை தெரியும்... நம்ம மலை வருவதற்குள் லைன் கட்டாகும்.

கம்ப்யூட்டர் என்னுடையது. போன் பில் என்னுடையது. மழை மட்டும் அவனுக்கு.

ஆமாம், பொறாமைதான். மறைக்க என்ன இருக்கிறது? மார்கழிப் புயல் எது கரையேறி வந்தாலும், கிழக்கே பார்த்த அவன் சரிவில் கொட்டிவிட்டு மிச்சம் மீதித் தூறலைத்தான் எனக்கு அனுப்பும். நான் மதுரையில் ஆர்டர் கொடுத்து வாங்கிய மழைமானி காய்ந்து கிடக்கும். அவன் மழை அளக்க வைத்த பெயின்ட் டப்பா நிறைந்து வழியும்.

ஒரு டிசம்பர்... அமெரிக்க மாடல், புயல் நாகப்பட்டினத்தில் ஏறி நேராக நம்ம மலைக்கு என்றது. ஐரோப்பா மாடல் ஆந்திராவுக்கு என்றது. தினமும் முதல் பஸ்ஸில் வந்துவிடுவான். மாடல் புதிதாகப் போடும் ஒவ்வொரு கணக்குக்கும் ரன் என்று பெயர். அதற்காகக் காத்துக் கிடப்போம்.

"ஏலே, புது ரன் வந்துருச்சா?"

"இரு, எறங்குது."

"எங்கிட்டு நிக்குது?"

"பெருமாள்மலை மேலதான்."

"கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாரு. தாண்டிக்குடியில கெடக்கு."

அந்தக் காலத்து மேப்பில் கொடைக்கானல், பழனி, திண்டுக்கல் எல்லாம் சேர்ந்தே சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். அதற்குள் எங்களுக்கு எல்லைத் தகராறு.

புயல் வந்தது. பெருமாள்மலையில் நல்ல காற்று, பெட்டிக்கடைத் தகரம் கொஞ்சம் ஆடியது, அவ்வளவுதான். மத்தியானம் போன் அடித்தது. எடுத்தால் ஆள் பேசவில்லை. சோவென்று ஒரே இரைச்சல்.

ரிசீவரை ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருக்கிறான்!

"ஏலே, கேக்குதா?" என்றான். பட்டென்று வைத்துவிட்டேன். திரும்பவும் அடித்தது.

"லைன் கட்டாயிருச்சு போல. இப்பக் கேளு..."

கொஞ்ச நாள் அவனோடு பேசவில்லை. அடுத்த வருடம் ஒரு புயல் எங்கள் இரண்டு பேரையும் ஏமாற்றிவிட்டு நெல்லூர் பக்கம் போனது. கடைக்கு வந்து பன்னைப் பிய்த்துக்கொண்டே, "நெல்லூர்க்காரனுக்கு வந்த வாழ்வப் பாருலே" என்றான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சியில் இருந்தது அன்றைக்கு மட்டும்தான்.

நேற்று சென்னையிலிருந்து மழை நண்பர்கள் பெரிய மாலையோடு வந்திருந்தார்கள். "பழனி மலைக்கே அவர்தான் வெதர்மேன்" என்று ஒரு தம்பி அழுதான். என் கடையில் பார்த்துப் பழகின மேப்தானே அய்யா என்று வாய் வரை வந்தது. அங்கேயும் வயிறு எரிந்தது, பாருங்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், இந்த வாரம் கடலில் ஒன்று உருவாகியிருக்கிறது. எல்லா மாடலும் ஒரே குரலில் நம்ம மலையைக் காட்டுகின்றன. இப்போதெல்லாம் மேப்பில் ஊர் ஊராகத் தெரிகிறது. இன்று காலை ரன்னில் கடும் சிவப்பு முழுக்கப் பெருமாள்மலை மேல்.

இத்தனை வருடத்தில் முதல் தடவையாக எனக்கு! குதித்திருக்க வேண்டும். காட்டி வயிற்றெரிச்சலைக் கிளப்ப ஆள் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சாயங்கால ரன் வந்தது. சிவப்பு நகர்ந்துவிட்டது. தாண்டிக்குடிக்கு.

மண்ணுக்குள் போயும் இழுக்கிறான், பாவி.

சற்று முன் அவன் மனைவி ராணி போன் செய்தாள்.

"அண்ணே, மழை வருதுங்கறாக. அவுக இருந்தா கேக்க வேண்டியதில்ல... களத்துல காப்பி காயுது. அங்கிட்டு அவுக மேல போட்ட மண்ணு இன்னும் புதுசா கெடக்கு. வீட்ல இருக்கறது ஒரே தார்ப்பாய்தாண்ணே. எதுக்குப் போடட்டும்?"

மேப்பை இன்னொரு தடவை பார்த்தேன்.

"காப்பிக்குப் போடு தாயி. வெரசாப் போட்டுரு" என்றேன். "அவன் நனையட்டும்."

போய் வாலே முத்துராஜ். இந்த மழையும் உனக்குத்தான்.