வெல்லத்தோடு தின்ற காரீயம்

பிள்ளைகளா, நீங்கள் பிறப்பதற்கு முன்னால், அறுபதுகளின் கடைசியில், தருமபுரியில் ஒரு லாரி பேட்டரிக் கடையில் வேலை பார்த்தேன். செத்துப்போன பேட்டரியை உடைத்து, உள்ளே இருக்கும் காரீயத் தகடுகளை இரும்புச் சட்டியில் உருக்க வேண்டும். கரும்பொடி கை, சட்டை, மீசை எங்கும் அப்பிக்கொள்ளும்.

தொண்டையில் இறங்கிய பொடியை வெல்லம் கழுவிக்கொண்டு போய்விடும் என்பது எங்கள் நம்பிக்கை. அதனால் முதலாளி பாய் அடுப்புக்குப் பக்கத்திலேயே ஒரு டப்பாவில் வெல்லம் வைத்திருப்பார். இருமினால் ஒரு துண்டு. கை கழுவ யார் போவது?

ஒரு கோடையில் எனக்கு வயிறு முறுக்கி வலித்தது, முகம் வீங்கியது. உங்கள் அம்மா அப்போது மாசமாக இருந்தாள். "பூசணிக்காய்க்கு மீசை வச்சாப்பல இருக்கீங்க, மாமா" என்று சிரித்தவள், மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

டாக்டர் என் உதட்டை விலக்கிப் பார்த்தார். ஈறோரத்தில் நீலக் கோடு; காரீயம் உடம்பில் ஏறியதற்கு அடையாளமாம். சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் விட்டுச் சூடாக்கினார்கள். மோர் போலக் கலங்கியது. கிட்னி கெட்டிருந்தால் அப்படித்தான் கலங்குமாம்.

"காரீயம் ரத்தத்துல கலந்து கிட்னிக்குப் போகுது. அங்கேயே கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்துக்கும். ரொம்பச் சேர்ந்துட்டா கிட்னியைக் காப்பாத்த முடியாது" என்றார் டாக்டர்.

"இவரு நாள் பூரா வெல்லம் திங்கறாருங்களே!" என்றாள் அம்மா.

"எந்தக் கையால?"

நான் கையை நீட்டினேன். நகக்கண்ணெல்லாம் கருப்பு. டாக்டர் சொன்னார்: "காரீயத்துக்கு வெல்லம் தொட்டுக்கிட்டிருக்கீங்க."

விஷயத்தைக் கேட்டதும் பாய் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் வைத்தார். "சோப்புப் போடாதவன் இதைத் தொட்டா விரலை ஒடிச்சிருவேன்! தம்பி, நீ அடுப்புப் பக்கமே வராத. வாசல்ல லாரிக்காரனுங்களைப் பாரு."

அதன்பிறகு பொடி அப்பிய கடைச் சட்டை வீட்டுக்கு வரவில்லை. மருந்து சாப்பிட்டேன். வீக்கம் வடிந்தது. ஆனாலும் உள்ளே சேர்ந்தது என்ன செய்யுமோ என்ற பயம் போகவில்லை. பெரியவன் பிறந்து தவழ ஆரம்பித்தபின் மறுபடி சோதனைக்குப் போனோம்.

குழாய் சூடானது. கொதித்தது. கலங்கவே இல்லை! கிணற்றுத் தண்ணீர் மாதிரி தெளிந்து நின்றது.

"கிட்னி பிழைச்சுது. இனி ஜாக்கிரதையா இருங்க" என்றார் டாக்டர்.

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்க, பெரியவனைத் தலைக்கு மேலே தூக்கிக் கத்தினேன். "டேய், உங்கப்பன் ஜெயிச்சிட்டான்டா!"

"நல்லா ஜெயிச்சீங்க, புள்ளைய முதல்ல கீழ எறக்குங்க" என்றாள் அம்மா. அவள் கண்ணில் தண்ணீர்.