மஞ்சள் பையில் போகாத போன்

அத்திக்குழியில் பெண்களின் போன்கள் மஞ்சள் பையில்தான் பாறையேறும்.

கல்வராயன் மலையில் அறுபது வீடுகள் உள்ள ஊர் அது. அங்கே சிக்னல் கிடைப்பது சாமிப் பாறையின் உச்சியில் மட்டும். அந்தப் பாறையில் பெண்கள் ஏறக் கூடாது. ஏறினால் பாறையின் அடிவயிற்றில் கூடு கட்டியிருக்கும் மலைத்தேனீக்கள் கிளம்பி வந்து ஊரையே கொட்டும் என்று சாமி சொல்லியிருக்கிறதாம். யாரிடம் சொன்னது, எப்போது சொன்னது என்று கேட்டால் பதில் கிடையாது. ஆண்கள் ஏறலாம். செருப்பைக் கீழே விட்டுவிட்டுப் போய், மேலே உட்கார்ந்து பீடி பிடிக்கலாம், ரம்மி ஆடலாம், கிரிக்கெட் பார்க்கலாம். அதற்கெல்லாம் தேனீக்கு ஆட்சேபணை இல்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ராஜேஷ் வீடு வீடாகப் போய்ப் பெண்களின் போன்களை மஞ்சள் பையில் வாங்கிக்கொண்டு மேலே போவான். கீழே பேசிப் பதிந்து வைத்த குரல்கள் உச்சிக்குப் போனதும் தாமாகப் பறக்கும், பதில்கள் வந்து விழும். அரை மணி கழித்துப் பை இறங்கும். திருப்பூருக்கு வேலைக்குப் போன மகளோடு தாய் பேசுவது இப்படித்தான். இன்றைக்குக் கேட்ட கேள்விக்கு நாளைக்குப் பதில்.

ராஜேஷின் அக்கா நர்மதாவுக்கு வயது முப்பத்தொன்று. உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கும், நின்றால் விரல்கள் எதையாவது தட்டிக்கொண்டே இருக்கும். டிப்ளமோ முடித்த கையோடு கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், சின்னதுரை என்பவரின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் சேர்ந்தாள். சேர்ந்து ஒன்பது வருடம். வார நாட்களில் ஹாஸ்டல், விடுமுறைக்கு மலை.

அவளுக்கு ஒரு கண் இருந்தது. பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் குவிந்திருக்கும் பச்சைப் பலகைகளுக்கு நடுவே, முப்பது வருடத்துக்கு முந்தைய கிராபிக்ஸ் கார்டு எது, குப்பை எது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள். ஸ்லாட்டில் செருகும் முனையின் வெட்டு எங்கே இருக்கிறது, சிப் எத்தனை, கெப்பாசிட்டர் உப்பியிருக்கிறதா, ஸ்க்ரூ துளையைச் சுற்றித் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். பழைய கம்ப்யூட்டர்களைச் சேகரிக்கிறவர்கள் இப்படிப்பட்ட கார்டுகளுக்காக அலைகிறார்கள் என்பதும், அவர்களுக்கென்று இணையத்தில் ஏலக் குழுக்கள் உண்டு என்பதும் அவள்தான் சின்னதுரைக்குச் சொன்னாள். அவள் கண்டுபிடித்தாள், அவர் விற்றார். குழுவில் எல்லோரும் "சின்னதுரை சார் கண்ணே கண்ணு" என்று புகழ்ந்தார்கள். கடைக்கு வருகிறவர்களிடம் அவர் நர்மதாவைக் காட்டி, "நம்ம மலைப் பொண்ணு, கூட மாட ஒத்தாசைக்கு" என்பார். மூளை யாருடையது, பெயர் யாருக்கு? இந்த நாட்டில் எத்தனையோ விஷயங்கள் இப்படித்தான் நடக்கின்றன. கம்ப்யூட்டர் கடையில் நடக்கும்போது ஏசி போட்டு நடக்கிறது, அவ்வளவுதான்.

போன மாதம் அவள் தன் சம்பளத்தில் ஒரு கார்டு வாங்கி, ஹாஸ்டல் பெட்டியில் துணிக்கு நடுவில் ஒளித்து வைத்தாள். தொண்ணூறுகளின் கடைசியில் விளையாட்டுகளுக்கென்றே வந்த கார்டு. வெளிநாட்டு மாந்திரீகம் ஒன்றின் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள். அந்தப் பெயரைப் படிக்கும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வரும். அந்தக் கார்டு தனியாகப் படம் காட்டாது. சாதாரணக் கார்டின் படம் ஒரு துளை வழியே உள்ளே வந்து, இன்னொரு துளை வழியே மானிட்டருக்குப் போகும். அதைவிட விசேஷம், ஒரே மாதிரி இரண்டு கார்டுகளைச் சின்னப் பட்டை வயரால் இணைத்தால், ஒன்று ஒற்றைப்படை வரிகளை வரையும், மற்றது இரட்டைப்படை வரிகளை வரையும். ஒத்துப்போகும் ஜோடிக்கு பெங்களூரில் ஒரு சேகரிப்பாளர் காத்திருந்தார். ஜோடி சேர்ந்தால் கச்சிராயபாளையம் ரோட்டில் பார்த்து வைத்த சின்னக் கடைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடலாம். போர்டில் அவள் பெயர் இருக்கும்.

இரண்டாவது கார்டு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஏலத்துக்கு வந்தது.

விற்றவர் திருக்கோவிலூர் சுபாஷ். மூடிப்போன பிரவுசிங் சென்டரைக் காலி செய்துகொண்டிருந்தார். "ரெண்டு மானிட்டர் கார்டு, பழசு, ஆறு மணிக்கு முடியும்" என்று போட்டிருந்தார். குழுவின் விதி எளிது. ஆறு மணிக்குள் கடைசியாகப் பெரிய தொகை எழுதியவருக்குப் பொருள். படத்தில் மூன்று பெரிய சிப்புகளின் மேலும் கெட்டியாகச் சந்தனம், அதன் மேல் குங்குமம். வருடா வருடம் ஆயுதபூஜைக்கு மேஜையில் பரப்பி வைத்துப் பொட்டு வைத்திருக்கிறார்கள். எழுத்து ஒன்றும் தெரியவில்லை. வெளியூர்க்காரர்கள் சிலர் "எரிந்துபோனதா?" "துருவா?" என்று கேட்டிருந்தார்கள். அது சந்தனம் என்று நர்மதாவுக்குப் பார்த்ததும் தெரிந்தது. இரண்டு நீலத் துளைகள் இரண்டு மானிட்டருக்கு இல்லை என்பதும் தெரிந்தது. தெரியாதது ஒன்றே ஒன்று. பின்பக்கமும் மெமரி சிப்புகள் வரிசையாக இருந்தால் அது பன்னிரண்டு எம்பி, அவள் கார்டுக்கு ஜோடி. இல்லையென்றால் எட்டு, பிரயோஜனமில்லை.

காலையில் வெள்ளிமலையில் பஸ் மாறும்போதே சுபாஷுக்குத் தனியாக எழுதினாள்: "கார்டைத் திருப்பி ஒரு போட்டோ அனுப்புங்க." 'அத்திக்குழி' என்ற பெயரில் புதிதாகத் திறந்த கணக்கிலிருந்து ஆயிரத்து ஐந்நூறும் எழுதி வைத்தாள். பிறகு சாமை அறுப்புக்கு ஊர் வந்து சேர்ந்தாள். இரண்டு மணி பஸ்ஸில் மலையிறங்கி, சிக்னல் இருக்கும் இடத்தில் ஏலத்தை முடிப்பதாகத் திட்டம். பஸ் வரவில்லை. வராததற்குக் காரணம் சொல்ல அங்கே யாரும் இல்லை. மலைக்கு விடுகிற பஸ் வந்தால்தான் அதிசயம்.

ஐந்து மணிக்கு வேறு வழியில்லாமல் அவள் போனும் மஞ்சள் பைக்குள் போனது. களத்துமேட்டில் முன்னும் பின்னும் நடந்தாள்.

"சாமைய மிதிக்காத, உக்காருடி" என்றாள் அம்மா பழனியம்மாள். "கால்ல சக்கரம் கட்டினு பொறந்திருக்கா."

ஐந்தரைக்கு ராஜேஷ் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தான்.

"அக்கா, திருக்கோவிலூர் அண்ணன் போட்டோ அனுப்பிட்டாரு. இன்னொன்னு கேட்டாரு. நீ கீழ இருக்கியேன்னு நானே பதில் போட்டுட்டேன்."

அவள் படத்தைத்தான் முதலில் பார்த்தாள். பின்பக்கம் முழுக்க மெமரி சிப்புகள். ஜோடிதான். அப்புறம்தான் அவன் சொன்னது காதில் ஏறியது.

"இன்னாடா பதில் போட்ட?"

"பொட்டு ஒட்டினு கீது, தொடச்சிட்டு எல்லாரும் பாக்கற மாதிரி குரூப்ல போடட்டுமான்னு கேட்டாரு. தாராளமா போடுங்கண்ணான்னேன். அழுக்குப் புடிச்ச பொருள நீ ஏன் வாங்கணும்?"

நர்மதா போனில் குழுவைத் திறந்தாள். ராஜேஷ் இறங்கும் முன் வந்து சேர்ந்தது மட்டும் தெரிந்தது. துடைத்த சிப், பளிச்சென்று பெயர். அதன் கீழே தொகைகள் ஓடின. நாலாயிரம், ஆறாயிரத்து ஐந்நூறு. ஒன்பதாயிரம் எழுதியது சின்னதுரை சார்.

"கெடுத்தியேடா!"

"நல்லதுதானே பண்ணேன்" என்றான் ராஜேஷ். அவன் முகம் விழுந்துவிட்டது. "குடு, எவ்ளோ போடணும்னு சொல்லு, மேல போயி போட்டுட்டு வரேன்."

"நீ ஏறுறதுக்குள்ள வெல ஏறிடும். எவ்ளோன்னு இங்கருந்து எப்பிடிடா சொல்றது?"

அவள் செருப்பை உதறினாள். பாறையை நோக்கி ஓடினாள்.

பாறையடியில் அப்பா மூக்கன் இரண்டு பேரோடு உட்கார்ந்திருந்தார்.

"ஏய் நர்மதா! எங்கடி போற? நில்லுடி!"

"மேல. கால் மணி நேரம், வந்துடறேன்."

"பொம்பள ஏறுனா தேனீ கிளம்பும்டி! ஊரக் கொட்டும்!"

"போன தீவாளிக்குக் கொட்டுச்சே, அன்னிக்கு எந்தப் பொம்பளப்பா ஏறுனா? நீங்கதான் மேல வெடி வெச்சீங்க."

மூக்கன் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். அவர் காதில் தேனீ கொட்டிய தழும்பு இன்னும் இருந்தது. வெடி கொளுத்தியதும் அவர்தான்.

"அது வேற" என்றார் தழும்புக்காரர்.

அதற்குள் அவள் பாதி பாறை ஏறிவிட்டாள். வெயிலில் கிடந்த கல் இன்னும் சுட்டது. உச்சியில் பீடித் துண்டுகளும் ஒரு கிழிந்த இஸ்பேட் ராஜாவும் கிடந்தன. சாமி இருந்ததற்கு வேறு அடையாளம் இல்லை. போன் அதிரத் தொடங்கியது. ஐந்து ஐம்பத்தொன்று. சின்னதுரை சார் பதின்மூன்றாயிரம். அவளுடைய சேமிப்பு மொத்தமே பதினெட்டாயிரம். பதினாலு எழுதினாள். அவர் பதினைந்து. அவள் பதினைந்தரை. அவர் பதினாறு. ஐம்பத்தாறுக்குப் பதினேழு எழுதிவிட்டு மூச்சுவிடும்போது போன் அடித்தது. சின்னதுரை.

"நர்மதா, எங்கம்மா கீற?"

"மலையில, சார்."

"சீக்கிரம் சொல்லு. குரூப்ல திருக்கோவிலூர் கார்டு ஒண்ணு ஓடினு இருக்கு. பேரு தெரியுது, பின்பக்கம் தெரியல. பன்னெண்டா, எட்டா? படத்தப் பாத்தா உனக்குத் தெரியும்ல? எவனோ அத்திக்குழியாம், ஏத்திக்கினே போறான். வெவரம் தெரிஞ்சவன் மாதிரி இருக்கு. எட்டுன்னா வுட்டுடறேன்."

பின்பக்கப் படம் அவள் ஒருத்தியிடம் மட்டும் இருந்தது. எட்டு என்ற ஒரே சொல்லில் எல்லாம் முடிந்துவிடும். அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்தது. சந்தனத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று சுபாஷிடம் சொல்லாமல் ஆயிரத்து ஐந்நூறுக்குத் தூக்கப் பார்த்தவள்தானே அவளும். தெரியாதவனிடம் தெரிந்தவன் செய்வதைத்தான் ஒன்பது வருடமாகப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். காலையில் அதையே அவளும் செய்தாள், கூச்சமில்லாமல். ஒன்பது வருடம் சம்பளம் கொடுத்தவருக்கு அவள் ஊரின் பெயர் தெரியவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் பயம் போய்விட்டது.

"பன்னெண்டுதான், சார். நல்ல கார்டு."

"அப்பிடிப் போடு! இதோ..."

"சார், அத்திக்குழி எங்க ஊரு."

"இன்னா சொன்ன?"

"நான்தான் சார் ஏத்தறேன். எனக்கு வேணும்."

"எங்கிட்ட கத்துக்கினு எனக்கே போட்டியா! யாரு கொடுத்த தைரியம்? மலையில கெடந்தவள இட்டாந்து சோறு போட்டா..."

"கத்துக் குடுத்தது யாரு சார்?"

அவர் கத்தினார். கடைக்கு வராதே என்றார், நன்றி இல்லை என்றார், அவள் அப்பா பெயரைக் கேட்டார், அதுவும் ஒன்பது வருடம் கழித்து. கத்திக்கொண்டே ஏலத்தில் எழுதுவது அவருக்குக் கைவராத வித்தை. இத்தனை வருடமும் எழுதியது நர்மதாவின் விரல்கள்தான். ஆறு மணிக்குக் குழுவில் சுபாஷ் எழுதினார்: "அத்திக்குழி, பதினேழாயிரம். முடிந்தது."

அவள் கீழே இறங்கியபோது ஊரே திரண்டிருந்தது. எல்லோரும் பாறையின் அடிவயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேனீக்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"சாமி மன்னிச்சிடுச்சி" என்றார் தழும்புக்காரர்.

மூக்கன் மகளைப் பார்க்கவில்லை. அவள் விட்டுப்போன செருப்பை மட்டும் காலால் அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

மறுநாள் அவள் கடைக்குப் போகவில்லை, திருக்கோவிலூருக்குப் போனாள். சுபாஷ் கார்டைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். ஒரு சிப் பளபளத்தது, மற்ற இரண்டிலும் பொட்டு அப்படியே இருந்தது.

"தொடைக்காம வுட்டிருந்தா எவ்ளோக்குப் போயிருக்கும்க்கா?"

"ரெண்டாயிரத்துக்கு நான் தூக்கினு போயிருப்பேன்."

சுபாஷ் அவளை மேலும் கீழும் பார்த்தார். "தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"நல்ல ஆளுக்கா நீ!"

"அதான் சொல்லிட்டேன்ல. வேற இன்னா கார்டு வெச்சிருக்க, எடு. இந்தத் தடவ பேர முன்னாடியே சொல்லிடறேன்."

திரும்பும் பஸ்ஸில் கார்டு மடியில் இருந்தது, கால் ஆடிக்கொண்டிருந்தது. வேலை போய்விட்டது. பெங்களூர்க்காரர் இன்னும் பதில் போடவில்லை. கடைக்கு அட்வான்ஸ் கேட்டவர் மாலைக்குள் சொல்லச் சொல்லியிருந்தார். மூன்று மணிக்கு வேறொரு ஏலம் முடிகிறது. போன் அதிர்ந்தது. அம்மாவின் குரல் பதிவு. நர்மதா மணியைப் பார்த்தாள். பதினொன்று பத்து. மஞ்சள் பை ஐந்து மணிக்குத்தான் கிளம்பும். ராஜேஷ் இந்நேரம் காட்டில் இருப்பான்.

காதில் வைத்தாள். காற்று இரைந்தது. அம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

"வாங்கிட்டியாடி? சீக்கிரம் சொல்லு. கீழ உங்கப்பன் வர்றாரு."