பாக்ஸுக்குள் அக்கா கிடையாது

எங்கள் கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணிக்கு ஒரு வியாதி இருந்தது. முக்கால் மைதானம் பந்தைப் பிரமாதமாகக் கொண்டுபோவோம். எதிரணிக் கோலுக்கு முன்னால் இருக்கும் பாக்ஸை நெருங்கியதும் அவ்வளவுதான். பந்தோடு உள்ளே ஓடி நுழைய ஒருத்திக்கும் துணிச்சல் வராது. நின்று, திரும்பி, என்னைத் தேடுவார்கள். நான் மூன்றாம் வருடம், கேப்டன். பந்தை என் காலில் சேர்த்துவிட்டால் அவர்களுக்கு நிம்மதி. அதற்குள் எதிரணியின் இரண்டு பேர் என்னைச் சுற்றி வேலி கட்டியிருப்பார்கள்.

இது ஏன் என்று முதலில் கண்டுபிடித்தவள் எங்கள் கோல்கீப்பர். மேல்மலையனூர்க்காரி, என் வகுப்புத் தோழி, வாய் கொஞ்சம் நீளம்.

"பின்னாடி நின்னுக்கினு நான் எல்லாத்தையும் பாத்துக்கினுதாண்டி இருக்கேன். வேன்ல நீ எறங்குனாதான் அவளுங்க எறங்குறாளுங்க. தண்ணி பாட்டில்ல நீ வாய வச்சப்புறம்தான் மத்தவளுக்கு. கோல்கிட்டயும் அதே கதைதான். அக்கா இருக்கச்சொல்ல நாம எப்படி அடிக்கறதுன்னு நிக்கறாளுங்க."

எனக்குச் சுருக்கென்றது. அந்த மரியாதை எனக்குப் பிடித்தும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

இதைக் கேள்விப்பட்ட உடற்கல்வி மேடம் மறுநாளே சட்டம் போட்டுவிட்டார். பாக்ஸுக்குள் யாரும் என்னை அக்கா என்று கூப்பிடக் கூடாது, எனக்குப் பந்தும் தரக் கூடாது. பந்து வைத்திருப்பவள் நேராகக் கோலை நோக்கி ஓட வேண்டும். நான் பந்தில்லாமல் ஓரமாக ஓடி, என்னைக் காவல் காக்கும் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போக வேண்டும். அப்போதுதான் நடுவில் வழி திறக்கும். மீறி எனக்குக் கொடுத்தவளுக்கு மைதானத்தைச் சுற்றி ஒரு ஓட்டம் தண்டனை.

"அப்ப நான் கோலே அடிக்க வேணாமா மேடம்?" என்று கேட்டேன்.

"டீம் ஜெயிக்கணுமா வேணாமா, அத மொதல்ல சொல்லு."

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பவர் விழுப்புரத்தில் நடக்கும் ஆட்டத்துக்கு வருவதாக இருந்தது. எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. கோல் அடிப்பவளைத்தான் அவர் பார்ப்பார், ஓரமாகச் சும்மா ஓடுகிறவளை எதற்குப் பார்க்கப் போகிறார்? அந்த அணியின் ஜெர்சியைக் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து மனசுக்குள் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். ஆனாலும் ஓடிப் பழகினேன்.

பெரிய தலைவலி ஒரு முதல் வருடப் பெண். செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம். பந்தோடு ஓடினால் அவளைப் பிடிக்க ஆள் கிடையாது, ஆனால் வாய் திறந்து எதையும் கேட்கத் தெரியாது. பொழுது சாய்ந்த பிறகு அவர்கள் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. வெளியூர் ஆட்டம் முடிந்து திரும்பும்போது பசித்தால் என் காதில் வந்து கிசுகிசுப்பாள். நான்தான் டிரைவரிடம் சொல்லி வேனை நிறுத்த வேண்டும். பயிற்சியிலும் அப்படித்தான், எனக்குப் பந்தைக் கொடுத்துவிட்டு யாரும் சொல்லாமலேயே மைதானத்தைச் சுற்றி ஓடப் போய்விடுவாள்.

"எத்தன ரவுண்டுன்னாலும் ஓடறேன்க்கா. உங்கள வச்சிக்கினு நான் எப்படிக்கா அடிக்கறது?"

"எனுக்குக் குடுத்தின்னா உன்ன வெளிய உக்கார வைக்கச் சொல்லுவேன்" என்றேன். தலையாட்டினாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

விழுப்புரத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. இடைவேளை வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. இடைவேளைக்குப் பிறகும் அந்த முதல் வருடப் பெண் பாக்ஸ் வரை பறந்து வருவாள், கோட்டில் கால் பட்டதும் பிரேக் போட்டதுபோல் நிற்பாள். அவள் கண் என்னைத் தேடுவதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஓடுடீ" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. வேலியோரம் கறுப்புக் கண்ணாடி போட்ட தேர்வாளர் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்து, பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆட்டம் முடியப் போகும் நேரம். அவள் மறுபடி பந்தோடு வந்தாள். நான் ஓரத்துக்கு ஓடினேன், இரண்டு பேரும் என் பின்னாலேயே வந்தார்கள். நடுவில் வழி திறந்தது. உள்ளே நுழைந்துவிட்டாள். எதிரணிக் கோல்கீப்பர் அவளை மறிக்க முன்னால் பாய்ந்து வர, நான் சட்டென்று திரும்பி உள்ளே ஓடினேன். என்னோடு வந்தவர்கள் பின்தங்கிவிட்டார்கள். எனக்கு முன்னால் காலியான கோல். பந்து வந்தால் தட்டிவிட்டால் போதும்.

கை தானாக உயர்ந்தது என்று சொல்ல மாட்டேன். நான்தான் உயர்த்தினேன். "குடு" என்று கத்தவும் செய்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கொடுக்கவில்லை. கோல்கீப்பரை ஒரு பக்கம் ஏமாற்றி, இன்னொரு பக்கம் ஓடி, பந்தை வலைக்குள் தள்ளினாள்.

எல்லாரும் அவள்மேல் விழுந்தார்கள். நான் கையை இறக்க மறந்து நின்றேன். ஜெயித்துவிட்டோம் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

தேர்வாளர் மேடத்திடம் வந்து அவளைத்தான் கேட்டார். பல்கலைக்கழக அணிப் பயிற்சிக்கு அனுப்பி வைக்கச் சொன்னார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எங்கள் ஊரான திண்டிவனத்துக்குத் திரும்பும் வேனில் நான் தனியாக ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன். விக்கிரவாண்டி தாண்டும்போது இடப்பக்க ஜன்னலில் சூரியன் பனை உயரத்துக்கு இறங்கியிருந்தது. அவளுக்குப் பசிக்கும் என்று எனக்குத் தெரியும். வந்து கேட்கட்டும் என்று இருந்தேன். அவள் வரவில்லை. சூரியன் இன்னும் இறங்கியது. அடுத்து கூட்டேரிப்பட்டு, அதை விட்டால் ஊர் போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிடும்.

"சொல்லேண்டி" என்று எங்கள் கோல்கீப்பர் பக்கத்தில் வந்து என் விலாவில் இடித்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்போது அந்தச் செஞ்சிப் பெண் எழுந்தாள். என்னைத் தாண்டி நேராக டிரைவரிடம் போனாள்.

"அண்ணா, கூட்டேரிப்பட்டுல நிறுத்துங்க. பொழுது போறதுக்குள்ள நான் சாப்புடணும்."

டிரைவர் பழக்கதோஷத்தில் கண்ணாடியில் என் முகத்தைத் தேடினார்.

"அக்காவப் பாக்காதீங்கண்ணா. நாந்தான் கேக்கறேன்."

எனக்கு வலித்தது. கூடவே சிரிப்பும் வந்தது, அடக்க முடியவில்லை. வேன் ஓட்டல் முன்னால் நின்றதும் அவள் கதவைத் திறந்து இறங்கிப் போய்விட்டாள். மற்றவர்கள் வழக்கம்போல் எழுந்திருக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து அவளுக்குப் பின்னால் இறங்கினேன்.