காய்ச்சல் கலயங்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன் நான். அம்மன் சன்னதியைப் பற்றி ஏதாவது எழுதப் போய்க் குற்றமாகிவிடுமோ என்று பயம். போன மழையில் எங்கள் அடுக்குமாடியில் மறுபடியும் காய்ச்சல் வந்தது. இனியும் சும்மா இருக்க மனசு கேட்கவில்லை.

மலேசியாவின் கிள்ளானில் நாங்கள் இருக்கும் ஃபிளாட்டுக்குப் பின்னால் பெரிய கால்வாய். அதன் கரையில் ஓர் அரசமரம், மரத்தடியில் அம்மன். தகரக் கூரை அம்மன் தலைக்கு மேல் மட்டும்தான். எங்கள் பக்கத்தில் யாருக்காவது காய்ச்சல் என்றால், சின்ன மண் கலயத்தில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் போட்டு அங்கே வைப்போம். காய்ச்சல் இறங்கியதும் வைத்த வீட்டார்தான் வந்து எடுக்க வேண்டும். வேறு ஆள் தொட்டால் அந்தக் காய்ச்சல் தொட்டவர் வீட்டுக்குப் போகும் என்பார்கள். அதனால் வீடு மாறிப் போனவர்களின் கலயங்கள்கூட அங்கேயே கிடக்கும். மழை பெய்து பெய்து மஞ்சள் வழிந்து, தண்ணீர் தெளிந்துவிடும்.

அந்த வருஷம் டிங்கி என்கிற டெங்குக் காய்ச்சல் பரவியது. கொசுவுக்குப் புகை அடிக்க வந்தவர்கள் மாடிப்படி, குப்பைத்தொட்டி, கால்வாய் எல்லாம் அடித்தார்கள். மரத்தடிக்கு வந்ததும் ஒருவர், இது சாமி கும்பிடும் இடம், நாங்கள் கை வைக்க மாட்டோம் என்று மலாயில் மரியாதையாகச் சொன்னார். எங்களுக்குப் பெருமையாக இருந்தது. காய்ச்சல் கூடக் கூடக் கலயங்களும் கூடின.

பிறகு என் வீட்டுக்காரி படுத்தாள். ஆஸ்பத்திரியில் தினமும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. அவள் பேசும்போதெல்லாம் நான் அவள் ஈறுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன், ரத்தம் கசிகிறதா என்று. யாரோ சொன்னார்கள் என்று பப்பாளி இலைச் சாறு கொண்டுபோனேன்.

ஒரு வாய் குடித்துவிட்டு, "இத நீங்க குடிச்சுப் பாத்தீங்களா?" என்றாள்.

"இல்ல."

"அதான். டிங்கிக்கு முன்னாடி இது கொன்னுரும் லா."

சிரித்தேன். வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று சாயங்காலமே நானும் ஒரு கலயம் வைத்தேன்.

அம்மன் கருணை, தேறி வந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அங்கிள், ஆன்டிக்கு இன்னொரு தடவ வந்துச்சுன்னா இதவிட மோசமா போகலாம். கொசு கடிக்காம பாத்துக்குங்க."

மறுநாள் கலயத்தை எடுக்கப் போனேன். தூக்கியபோது தண்ணீருக்குள் ஏதோ துள்ளியது. புழுக்கள். மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு உள்ளே போயின. பக்கத்துக் கலயத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். காலில் வெள்ளைக் கோடு போட்ட கொசு ஒன்று என் கையில் வந்து உட்கார்ந்தது. எங்கள் வீட்டு ஜன்னல் அங்கிருந்தே தெரிந்தது. அதைத் திறந்து வைத்துவிட்டு அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மரத்தடியைக் கூட்டிப் பெருக்கும் கீழ்வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். "அக்கா, இங்க பாருங்க, எல்லாத்துலயும் புழு."

"ஒங்களோடத எடுத்துட்டீங்கல்ல தம்பி, போங்க. அடுத்தவங்க நேர்த்திய ஏன் எட்டிப் பாக்குறீங்க?"

"இதுலேர்ந்துதான் கொசு வருதுக்கா."

"பொக அடிக்கிறவனே பயந்துட்டுப் போறான். நீங்க என்ன, டாக்டராயிட்டீங்களா?" என்று சொல்லிக்கொண்டே தன் கெண்டைக்காலில் பட்டென்று அடித்துக்கொண்டார்.

தொட்டால் அவளுக்குத் திரும்பக் காய்ச்சல் வரும். தொடாவிட்டால் கொசுவால் வரும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள்தான் நின்றாள். வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"ஆத்தாளுக்குத்தானே தண்ணி வச்சோம். கொசு வளக்கவா வச்சோம்?" என்றாள்.

அடுத்த நாள் காலையில், கொசு கடிக்காமலிருக்க என் காலுறையை மாட்டிக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி மரத்தடிக்கு வந்தாள். அம்மன் முன்னால் நின்று சத்தமாகவே பேசினாள். "ஆத்தா, எதையும் தூக்கி எறியல. கவுத்து வைக்கிறோம், அவ்ளோதான். அவங்கவங்க கலயம் அவங்கவங்க எடத்துலயே இருக்கும். கோவம்னா என்மேல வச்சுக்க."

அவள் ஒன்றைத் தொடுவதற்குள் நான் முந்திக்கொண்டு கவிழ்க்க ஆரம்பித்தேன். கோபம் வந்தால் முதலில் தொட்டவன் மேல் வரட்டும் என்றுதான் அவசரப்பட்டேன். தண்ணீர் மண்ணில் இறங்க, புழுக்கள் நெளிந்து அடங்கின.

அக்கா துடைப்பத்தோடு பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில், "வேர்க்கிட்ட ரெண்டு இருக்கு. அத விட்டுட்டீங்க" என்றார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிக் கடத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் தும்மினால்கூட ஓடிப்போய் நெற்றியைத் தொடுவேன். "நீங்க தொட்டுத் தொட்டே எனக்குச் சுடுது, போங்க லா" என்று தள்ளிவிடுவாள். காய்ச்சல் வரவில்லை. எனக்கும் வரவில்லை. அடுக்குமாடியிலும் மெல்லக் குறைந்தது. அதே சமயம் கால்வாயையும் சுத்தம் செய்தார்கள். எதனால் குறைந்தது என்று எனக்குத் தெரியாது.

ஆனால் கதை இரண்டாகிவிட்டது. அம்மன் கனவில் வந்து என் வீட்டுக்காரியிடம் கட்டளையிட்டாள் என்கிறார்கள் சிலர். கலயங்களைக் காலால் உதைத்தோம், அதனால்தான் அவளுக்கு முட்டிவலி என்கிறார்கள் சிலர். முதல் கதையைக் கேட்டவர்கள், கனவு வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். இரண்டாவதைக் கேட்டவர்கள் கிட்டேயே போவதில்லை. இந்த மழைக்குப் புதிதாகக் குடிவந்தவர்களின் கலயங்கள் மறுபடியும் நிறைந்து நிற்கின்றன. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் போய்ப் பார்த்துக் கவிழ்த்துவிட்டு வருகிறேன். நான் பார்க்காத ஒன்று எங்கேயாவது இருக்கும் என்ற பயம் போகவே இல்லை. அவளுக்கு ஒரு தடவை வந்துவிட்டது.

அதனால் படிப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். கனவைச் சேர்க்காதீர்கள், சாபத்தையும் சேர்க்காதீர்கள். கும்பிட்டுவிட்டுக் கலயத்தை அதே இடத்தில் கவிழ்த்து வைத்தோம், அம்மன் ஒன்றும் செய்யவில்லை என்று, நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள்.