அவள் மிதித்த என் சுவடு

போர் முடிந்து ஊரில் மீள்குடியேறிய மறு ஆண்டு, இலுப்பைக்கடவையிலிருந்து ஊரவர் கூடிக் கதிர்காமம் சென்று, கதிரமலை ஏறினோம். உச்சிக் கோயிலை எல்லோருக்கும் முன்னே காணும் ஆவலில், நான் பாதையை விட்டு விலகிச் செங்குத்தான பாறையொன்றில் தாவி ஏறினேன். பின்னால் வந்த என் மனைவியும் தாவினாள். கால் வழுக்கிச் சரிந்தாள். அயலவர் ஒருவர் எட்டிக் கையைப் பற்றியிராவிடின், பள்ளத்தில் வீழ்ந்திருப்பாள்.

“பாதையாலை வந்திருக்கலாமே, விசரி!” என்று கடிந்தேன்.

“ஊருக்குத் திரும்பின அண்டைக்கு, ‘வயலுக்கை கண்ணிவெடி கிடக்கும், நான் மிதிச்ச இடத்திலை மட்டும் மிதி’ எண்டு நீங்கள்தானேயப்பா சொன்னனீங்கள்? அண்டையிலையிருந்து அப்பிடித்தான் நடக்கிறன்,” என்றாள்.

இப்போது எங்கே நடந்தாலும், அவள் காலுக்கு எட்டும் இடமாகப் பார்த்தே என் அடியை வைக்கிறேன்.