பாறையின் உச்சி வரை சிப்பி

2006 வாக்கில், அமீரகத்தின் புஜைராவில் எண்ணெய்த் தொட்டி கட்டும் சைட்டில் சாரம் கட்டும் வேலையில் இருந்தேன். சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். கண்மாயில் கெளுத்தியும் விராலும் பிடித்து வளர்ந்தவனுக்கு மீன்பிடிக்க யார் சொல்லித்தர வேண்டும் என்கிற திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

ரூமில் என் பக்கத்துக் கட்டில்காரன் தூத்துக்குடி. வெள்ளிக்கிழமை லீவில் என்னையும் கடலுக்கு அழைத்துப் போவான். பாறை இடுக்கில் கிடக்கும் ஹமூர், அதாவது நம் ஊர் களவா, அதுதான் குறி. தக்கை முங்கும்வரை பொறுத்திருந்து இழுத்துப் பழகிய கை என்னுடையது. ஹமூரோ கடித்த வேகத்தில் பொந்துக்குள் ஓடிவிடும். தூண்டில் நரம்பு பாறையில் உரசி அறுந்துபோகும். மூன்று வாரமும் முள் போனதுதான் மிச்சம். "குளத்து மீனால இது? கடிச்ச ஒடனே வெட்டி இழுல!" என்று ரூமே கேட்கும்படி சிரிப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான்காம் வெள்ளி அவனுக்கு டியூட்டி போட்டுவிட்டார்கள். இன்று ஒரு ஹமூரோடு வந்து அவன் வாயை அடைக்கிறேன் என்று வழக்கமான கரைக்குத் தனியாகக் கிளம்பினேன். கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், தண்ணீருக்கு மேல் நெஞ்சுயரத்துக்கு ஒரு பாறை. முன்பு அதைப் பார்த்த ஞாபகமே இல்லை. புது இடம் கிடைத்த சந்தோஷத்தில் முழங்கால் தண்ணீரில் நடந்துபோய் ஏறிக்கொண்டேன்.

கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கடைசியில் ஒன்று மாட்டியது. வெட்டி இழுத்தேன். இரண்டு கிலோவாவது இருக்கும். பையில் போட்டுக்கொண்டு திரும்பினால், நான் நடந்து வந்த வழியைக் காணோம். எல்லாம் தண்ணீர்.

எங்கள் கண்மாயில் தண்ணீர் ஏறினால் எங்கோ மழை பெய்திருக்க வேண்டும். சொன்னால் சிரிப்பீர்கள், நான் மேகம் இருக்கிறதா என்று கரைக்குப் பின்னால் இருந்த மலையைத்தான் பார்த்தேன். வானம் வெறிச்சென்று இருந்தது. கரையில் ஒரு ஈ காக்காய் இல்லை. கண்மாயில் நீந்தியவன்தான் என்றாலும், அந்த அலையில் இறங்கத் துணியவில்லை. தூத்துக்குடிக்காரனுக்குப் போன் போட்டேன்.

"பதறாத. பாறையில சிப்பி எது வரைக்கும் ஒட்டியிருக்குன்னு பாருல. கடல் அது வரைக்குந்தான் ஏறும். அதுக்கு மேல ஏறி உக்காந்துக்கோ."

குனிந்து பார்த்தேன். என் காலடியிலேயே சிப்பி.

"உச்சி வரைக்கும் ஒட்டியிருக்குடா" என்றேன்.

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. என் உயிர் அப்போதே பாதி போய்விட்டது.

"உக்காராத. இப்பவே எறங்கு. போனு, மீனு எதையும் பாக்காத. அலைய எதுத்து நிக்காத, அது கரைக்குத்தான் தள்ளும். எறங்குல!"

போனைக் கட் செய்து பாறையில் வைத்தேன். மீனை மட்டும் விட மனமில்லாமல் இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினேன். நெஞ்சளவு தண்ணீர். பாதி வழியில் ஒரு பள்ளம். கால் பாவவில்லை. பை ஒரு பக்கமாக இழுக்க, இரண்டு மடக்கு உப்புத்தண்ணீர் உள்ளே போனது. முடிச்சை எப்படி அவிழ்த்தேன் என்று இன்றுவரை தெரியாது. பின்னால் பாறையில் என் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நின்றுவிட்டது.

அடுத்த அலை என்னைத் தூக்கி மண்ணில் போட்டது. தவழ்ந்துதான் கரையேறினேன். மூச்சு வாங்க வெகுநேரம் மணலில் கிடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது பாறை இல்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு டாக்ஸி வந்து நின்றது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தவன், கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டான். பிறகு மணலில் அப்படியே உட்கார்ந்து அழுதான். "போனு நின்னு போச்சேல. ஒங்க அம்மாட்ட என்ன சொல்லுததுன்னு யோசிச்சுக்கிட்டே வந்தேம்ல."

இன்றும் ஏதாவது ஒன்றை எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தால், அன்று போனில் அவன் பேசாமல் இருந்த அந்த நேரம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.