முதுகு நிற்காத பிள்ளை

இருதயமேரிக்கு மனிதர்கள் மேல் நல்ல அபிப்பிராயம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. திருச்சியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் பல வருஷம் நர்ஸாக இருந்தவள். வார்டு வாசலில் வெற்றிலை மென்றுகொண்டு, "என்ன குழந்தை?" என்று மட்டும் கேட்கும் புருஷன்கள், பெற்றவளைத் திரும்பிப் பார்க்காமல் பிள்ளையின் நிறத்தைப் பார்க்கும் மாமியார்கள், கை கழுவுவதற்குள் சொந்தப் பெருமை பேசிவிடும் டாக்டர்கள், ஒருத்தரையும் அவள் விட்டுவைத்ததில்லை. பாலக்கரையில் அவளோடு குடியிருந்த தங்கை லூர்துராணி சொல்வாள்: "உன் பாவசங்கீர்த்தனத்தைக் கேக்க சாமியாருக்கு ஒரு நாள் பத்தாது."

"அவரு கேட்டுக்கிட்டே தூங்குறாரு" என்பாள் இருதயமேரி.

1957 ஜூலையில் செல்லக்கிளி என்பவள் ஏழாம் மாசத்திலேயே பிரசவித்தாள். புருஷன் பிச்சைமுத்துவுக்கு மண்ணச்சநல்லூர் ரைஸ்மில்லில் வேலை. பிறந்தது பெண். மூன்றேகால் பவுண்டு. ஸ்ரீரங்கத்திலிருந்து கறுப்புக் காரில் வரும் பெரிய டாக்டர் தொட்டிலுக்கு இரண்டடி தள்ளி நின்றபடியே, "தேறாது" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். இவ்வளவு தூரத்திலிருந்து உயிரை எடை போட எந்தக் காலேஜில் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று இருதயமேரி நினைத்துக்கொண்டாள். பிள்ளையைப் பஞ்சில் சுற்றி, இரண்டு பக்கமும் வெந்நீர் பாட்டில் வைத்து, ஃபில்லரால் சொட்டுச் சொட்டாகப் பால் விட்டாள். நாற்பத்தோராம் நாள் ஐந்து பவுண்டோடு வீட்டுக்கு அனுப்பினாள். வள்ளிக்கண்ணு என்று பேர் வைத்ததாகக் கேள்விப்பட்டாள். அதோடு மறந்தும் போனாள்.

பத்து மாசம் கழித்து செல்லக்கிளி அதே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். கூடவே பிச்சைமுத்துவின் அக்கா அமிர்தம்.

"முதுகே நிக்கல டாக்டரய்யா. உக்கார வச்சா துணி மாதிரி மடங்கிப் போவுது" என்றாள் அமிர்தம், ஏதோ கடையில் சொத்தைக் கத்தரிக்காயைத் திருப்பிக்கொடுப்பவள்போல.

டாக்டர் இந்தத் தடவையும் தொடவில்லை. "பலமில்லாத பிள்ளை. அடுத்ததை நல்லாப் பெத்துக்கச் சொல்லு" என்றார்.

"அடுத்தது இவ பெக்க மாட்டா. ஐப்பசி வரைக்கும் பாப்போம், உக்காரலேன்னா என் தம்பிக்கு வேற பொண்ணு பாத்துருவோம்" என்றாள் அமிர்தம். செல்லக்கிளி அழுதாள். அழுவதைத் தவிர வேறொன்றும் தெரியாத ஜென்மம் என்று அவள்மேலும் இருதயமேரிக்கு எரிச்சல் வந்தது.

பிள்ளையை வாங்கித் தன் மடியில் வைத்தாள். இரண்டு அக்குளிலும் கை கொடுத்துப் பிடித்தாள். தலை நேராக நின்றது. கையை ஒரு விரலளவு கீழே இறக்கினாள். அப்போதும் நின்றது. இன்னும் ஒரு விரல் இறக்கி விலாவுக்கு வந்ததும் முதுகு சரிந்து பிள்ளை முன்னால் கவிழ்ந்தது. மறுபடி மேலே ஏற்றினாள், நிமிர்ந்தது.

"முதுகு இல்லாம இல்ல. இதுவரைக்கும் வந்திருக்கு. மேலேருந்து கீழே வந்துக்கிட்டிருக்கு, இடுப்பு வரைக்கும் வரணும். ஏழு மாசத்துல வந்த பிள்ளைக்கு, வந்திருக்க வேண்டிய தேதியிலேருந்துதான் வயசு. இதுக்கு இப்போ எட்டு மாசந்தான்."

"எட்டு மாசத்துப் பிள்ளை உக்காராதா?" என்றாள் அமிர்தம்.

அது இருதயமேரிக்கும் தெரிந்ததுதான். உட்காரும், பெரும்பாலும். ஆனால் அமிர்தம் சொன்னது சரியாகிவிடுவதை அவளால் பொறுக்க முடியவில்லை. இரக்கத்தால் போனாள் என்று பிற்பாடு பலர் சொன்னார்கள், அது பொய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மண்ணச்சநல்லூர் பஸ் ஏறியபோது, கொள்ளிடப் பாலம் தாண்டும்வரை அவள் அமிர்தத்தைத்தான் திட்டிக்கொண்டு போனாள்.

போய்ப் பார்த்தால், முதுகு நிற்கட்டும் என்று கொல்லையில் குழி வெட்டி, பிள்ளையை இடுப்புவரை உமியில் புதைத்து வைத்திருந்தார்கள். அது கூன் விழுந்து, முகமெல்லாம் உமியோடு கத்திக்கொண்டிருந்தது.

"விதை போட்டிருக்கீங்களா? தண்ணி ஊத்துனா முளைக்குமா?" என்று தெருவே கேட்கும்படி கத்திக்கொண்டு பிள்ளையைப் பிடுங்கி எடுத்தாள். பிச்சைமுத்து மில்லுக்கு நழுவினான். ஆம்பிளை லட்சணம் அவ்வளவுதான் என்று அவனையும் கணக்கில் சேர்த்தாள்.

செல்லக்கிளிக்கு இரண்டு வேலை சொன்னாள். விழித்திருக்கும் நேரத்தில் பிள்ளையைக் குப்புறப் போட வேண்டும். மடியில் உட்கார்த்தி விலாவில் பிடித்துக்கொள்ள வேண்டும். "நான் வந்து சொன்னப்புறம்தான் கையை இறக்கணும். உன் இஷ்டத்துக்கு எதுவும் செய்யாத, புரியுதா?"

ஞாயிறுதோறும் அவள் வந்து பிடித்துக் காட்டியும், இரண்டு மாசத்தில் கை ஒரு விரல்தான் இறங்கியது. ஆகஸ்டில் ஒரு ஞாயிறு அவள் போனபோது செல்லக்கிளி பிள்ளையை இடுப்பில் பிடித்து, முழங்காலை ஆட்டி ஆட்டி இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருடி உன்னை இறக்கச் சொன்னது?"

"நீங்க ரொம்பக் கெட்டியாப் பிடிக்கிறீங்க நர்ஸம்மா" என்றாள் செல்லக்கிளி, தலையைத் தூக்காமல். "பிள்ளை உங்க கை மேலேயே சாஞ்சுக்குது. கையைத் தளத்தி லேசா சாய்ச்சாத்தான் அதுவா முதுகை நிமுத்துது. பத்து நாளாப் பாக்குறேன்."

இருதயமேரி பிள்ளையை வாங்கினாள். இடுப்பில் லேசாகப் பிடித்து இடப்பக்கம் சாய்த்தாள். சின்ன முதுகு ஒரு கணம் யோசித்தது; பிறகு வலப்பக்கம் இழுத்து நேராகியது. மறுபக்கம் சாய்த்தாள். அதேதான். பத்தொன்பது வருஷம் பிள்ளை தூக்கிய கை, பத்து வாரமாக ஒரு பிள்ளைக்குக் குறுக்கே நின்றிருக்கிறது. திரும்பும் பஸ்ஸில் அன்று அவள் திட்டியது அமிர்தத்தை அல்ல.

செப்டம்பர் கடைசியில் நெல் காயும் களத்தில் சாக்கை விரித்து உட்கார்த்தி செல்லக்கிளி கையை எடுத்தாள். இருபது எண்ணும்வரை வள்ளிக்கண்ணு உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு நெல்மணியை எடுக்கக் குனிந்தாள், எடுத்தாள், தானாக நிமிர்ந்தாள். பிறந்து பதினாலு மாசம். "எம் பொண்ணாச்சே!" என்று பிச்சைமுத்து மார்தட்டினான். தான் கட்டிய தாயத்து வேலை செய்துவிட்டது என்றாள் அமிர்தம். வேறு பெண் பேச்சு அதோடு நின்றது. பதில் சொல்லத் தகுந்தவர்கள் இங்கே யாரும் இல்லை என்று இருதயமேரி பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

இரண்டேகால் வயசில், ஒரு பாதத்தைச் சற்று இழுத்தபடி, வள்ளிக்கண்ணு நடந்தாள். அந்த வருஷம் செல்லக்கிளி அவளை அம்மை ஊசிக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது பெரிய டாக்டர் பிள்ளையை மேஜைமேல் ஏற்றிப் படிக்கிற பையன்களுக்குக் காட்டினார். "மூன்றேகால் பவுண்டு! நம்ம வார்டுல காப்பாத்தினது. என்னம்மா, எப்படி உட்கார வச்சே?"

"நீங்க தேறாதுன்னு சொன்னீங்க. இந்தம்மா கெட்டியாப் பிடிச்சாங்க. நான் கையை எடுத்தேன்" என்றாள் செல்லக்கிளி.

பையன்கள் சிரித்தார்கள், டாக்டரும் சேர்ந்து சிரித்தார். ஊசித் தட்டோடு நின்ற இருதயமேரி சிரிக்கவில்லை. வராந்தா வரை செல்லக்கிளியோடு நடந்து வந்தாள்.

"வியாழக்கிழமை வரியா? வார்டுலேருந்து ஒருத்தி வீட்டுக்குப் போறா. நாலு பவுண்டுப் பிள்ளை. கல்லைத் தூக்குற மாதிரி தூக்குறா. எப்படிப் பிடிக்கணும்னு நீ காட்டு."

"நீங்களே காட்டலாமே, நர்ஸம்மா."

"நான் காட்டினா திட்டுவேன். அவ அழுவா. அப்புறம் யாரு கத்துக்கிறது?"

செல்லக்கிளி வந்தாள். 1966-இல் இருதயமேரி ரிட்டயராகும்வரை, சொல்லியனுப்பிய போதெல்லாம் வந்தாள். அவள் தாய்மார்களின் கைகளைப் பிடித்துத் தளர்த்திக்கொண்டிருக்கும்போது இருதயமேரி ஜன்னலோரம் நின்று, அந்தத் தாய்மார்கள் எவ்வளவு மக்குகள் என்று முணுமுணுத்துக்கொண்டிருப்பாள்.